நின்று தொழுதவள்

பிறத்தியாருக்குத் தலை வாரிவிடுவதென்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். அதிலும் சைதுனுக்கு நல்ல அடர்த்தியான முடி. அவள் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்திலும் அதில் ஒரு சிக்கு விழ விட்டதில்லை நான். நோயாளி கிடந்த அறை மாதிரியே இல்லையே என்று நீங்கள் கான்ஸ்டபிளிடம் சொன்னீர்களாம், இன்ஸ்பெக்டர் ஐயா. கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

சைதுன் பீவி என் தம்பி அப்துல் மாலிக்கின் மனைவி. மாலிக் பினாங்கில் கடை வைத்திருக்கிறான். அவன் காரைக்குடியில் கட்டிய வீட்டில் நானும் அவளும்தான் இருந்தோம். இருபத்திரண்டு வயதில் விதவையாகி, புதுவயலில் கொழுந்தன் வீட்டு அடுப்படியில் கிடந்தவள் நான். அங்கே யாரும் என்னை ராபியா என்று பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. சைதுன்தான், "இங்குட்டே வந்துருங்க மதினி, எனக்கும் ஆரு இருக்கா" என்று அழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரே சட்டிச் சோறு. அவள் எனக்கு உயிர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சின்ன வயதிலேயே அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பிள்ளை இல்லை. நாற்பத்தைந்து தாண்டியதும் முதுகு லேசாக வளைய ஆரம்பித்தது. போன ரம்ஜான் முடிந்த கையோடு கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் மாலிக் சொல்லி அனுப்பினான். சைதுனைப் பினாங்குக்கு அழைத்துக்கொள்ள எல்லாம் முடிந்துவிட்டதாம். அடுத்த வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டியதுதானாம். ஆனால் ஒருவர் தோளைப் பிடிக்காமல் தானாக ஏணி ஏற வேண்டுமாம். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். வீட்டைப் பூட்டிவிட்டு அக்கா புதுவயலுக்கே போய் இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆண்பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

டாக்டர் ஞானசம்பந்தத்திடம் நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆண் டாக்டரிடம் நேரே பேசமாட்டார்கள். எக்ஸ்ரே எடுத்ததும் சைதுன் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் சொன்னதையெல்லாம் நான்தான் கேட்டுக்கொண்டேன்.

"எலும்பு உள்ளுக்குள்ள சல்லடையாப் போச்சும்மா. படுக்க மட்டும் விட்றாதீக. குனிஞ்சு பாரம் தூக்க வேணாம். ஆனா நிமிந்து நடக்கணும். கதவு நெலையப் பிடிச்சிக்கிட்டுக் குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்கட்டும். கை ஊணாம நாற்காலிய விட்டு எந்திரிச்சுப் பழகட்டும். வேலை குடுத்தாத்தான் எலும்பு வலுக்கும். சொன்னதச் செஞ்சா, கப்பல் ஏணிய அவுகளே ஏறிருவாக."

நல்ல டாக்டர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வெளியே வந்தேன். "என்ன சொல்றாக மதினி?" என்றாள் சைதுன். "எலும்பு கண்ணாடியாட்டம் இருக்காம். கட்டில விட்டு எறங்கக் கூடாதுன்டாக," என்றேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை.

அன்று முதல் அவளுக்கு நான் எதில் குறை வைத்தேன்? குளிப்பாட்டினேன், ஊட்டினேன், கால் பிடித்துவிட்டேன். படுத்துக்கொண்டே தொழ மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். நாளாக ஆக அவள் கால்கள் குச்சியாகிக்கொண்டு வந்தன. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் காலையில் எழுந்ததும் அவள் கட்டிலில் இருப்பாள் என்ற நிம்மதி இருக்கிறதே, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

ஒரு நாள் மதியம் சந்தையிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே திரும்பினேன். சைதுன் கூடத்தில் நின்று தொழுதுகொண்டிருந்தாள். அவள் கால் நடுங்கவில்லை. நான் கூடையை ஓசைப்படாமல் இறக்கி வைத்தேன். முடித்துவிட்டு என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைபோல நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஏசாதீக மதினி. அல்லாவுக்கு முன்னால படுத்துக் கெடக்க மனசு ஒப்பல. மொதல்ல செவத்தப் பிடிச்சுத்தான் நின்டேன். இப்பக் கை ஊணாம நாற்காலிய விட்டு எந்திரிச்சிர்றேன். நெசமா! டாக்டர்ட்ட மட்டும் சொல்லிறாதீக, வைவாரு."

டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியாது. தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். பினாங்கு போனதும் என்னையும் அங்கே வரவழைத்துக்கொள்வதாக வேறு சொன்னாள். போகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். நான் சிரித்துக்கொண்டே, சொல்லமாட்டேன் என்றேன்.

எங்கள் கூடத்துத் தரை ஆத்தங்குடிக் கல். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பு ஏற்றுவது இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். தடவிவிட்டு, காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். கப்பலுக்கு நாள் குறித்துத் தகவல் வந்த மறுநாள், முற்றத்துக்கும் தொழுகைப் பாய்க்கும் நடுவில் எண்ணெய் தடவினேன். துடைக்கவில்லை. தொழுகைக்கு முன் முற்றத்தில் கைகால் கழுவி ஒலு எடுத்துக்கொண்டு, ஈரக்காலோடு அந்த வழியாகத்தான் வருவாள்.

அவள் விழுந்த சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. பால் பொங்கிக்கொண்டிருந்தது, அதை இறக்கி வைத்துவிட்டுப் போனேன். தரையைத் துடைத்த பிறகு அவளைத் தூக்கினேன். தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அழுதாள். அசைத்தால் மற்ற எலும்பும் முறிந்துவிடும் என்றேன். நம்பினாள். பிறகு காய்ச்சல் கண்டது, நெஞ்சில் சளி கட்டியது. கப்பல் அவளை விட்டுவிட்டுப் போயிற்று. நான் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. மாலிக் வந்து சேர்ந்தபோது அடக்கம்கூட முடிந்திருந்தது. அவன் டாக்டரிடம் போய் விசாரித்திருக்கிறான். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் அதைக் கொலை என்கிறீர்கள். சட்டத்தில் அப்படி இருந்தால் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன்.

ஆனால் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. கடைசி நாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேச்சக் கேக்காம எந்திரிச்சு நின்டுட்டேன் மதினி, என்னைய மன்னிச்சிருங்க" என்றாள்.

நான் மன்னித்துவிட்டேன்.