மாதம் மூன்று மில்லிமீட்டர்

சுண்டெலிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கை அறுத்துக் காரைத் தாழ்த்திக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், ஒருவருக்கும் அப்படிச் செய்ததில்லை. அறுத்த ஸ்பிரிங் சக்கரம் தொங்கும்போது இடம் மாறி உட்காரும். அப்புறம் ஓட்டுபவரின் ஆயுசு கெட்டியா என்பதுதான் கேள்வி. நம் வீட்டுக் காரையும் நான் அறுக்கவில்லை. என்னைத் திட்டும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்.

ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். ஒரு பக்கக் கட்டுரைக்கு என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தவள், தேறிவிட்டாய். ஆறு பக்கத்திலும் கேள்வி இரண்டுதான். ஏன் செய்தாய்? வியாழக்கிழமை அம்மாவின் இடது முட்டியிலும் கத்தி வைப்பதற்குள் அவளிடம் உண்மையைச் சொல்வாயா, மாட்டாயா? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். நடுவில் கத்தாதே, குழந்தை எழுந்துவிடும்.

போன வாரம் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஒரு நாள் வந்தபோது, மருந்து வாங்கக் காரை எடுத்துப் போய், வேகத்தடையில் அடிவயிறு உரச ஏற்றியிருக்கிறாய். உன் ஓட்டுதலைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. டயர்க்கடைக்காரர் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரோ நல்லா விஷயம் தெரிஞ்சவங்க பண்ணியிருக்காங்கம்மா. அறுபது மில்லி இறக்கியும் டயர் எங்கயும் உரசல. ஆனா வயசானவங்க ஏறி இறங்குற வண்டிக்கு எதுக்கு இது?" என்றாராம். அவர் சொன்னதில் இரண்டாவது பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஆறு பக்கம் எழுதிவிட்டாய். எனக்கு முதல் பாதி சந்தோஷமாக இருந்தது. தொழில் தெரிந்தவர் வாயால் கேட்பது தனி.

ஆரம்பத்தில் என் மனதில் ஒன்றும் இல்லை, நம்பு. உயரத்தைத் திருகி மாற்றுகிற செட் ஒன்று கடைக்கு வந்திருந்தது. ஷாக் அப்சார்பரின் உடம்பில் திருகு மரை இருக்கும், மரையில் ஒரு வளையம், அதன்மேல் ஸ்பிரிங். வளையத்தை இரண்டு சுற்றுத் திருகினால் கார் மூன்று மில்லிமீட்டர் இறங்கும். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக நம் காரில் மாட்டி இருபது மில்லி இறக்கினேன். ஸ்பிரிங்குக்கு ஏற்ற நீளத்தில் ஷாக், அடி முட்டாமல் தாங்கும் ரப்பர் கட்டை, சக்கர அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம் என்று ஒன்றுவிடாமல் பார்த்தேன். உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நான் இவ்வளவு விசாரிக்கவில்லை.

அப்போது உனக்கு ஐந்தாம் மாதம். அம்மாவை அனுப்பு, ஆறு மாதமாவது என்னோடு இருக்கட்டும் என்று தினமும் போன். அம்மாவுக்குப் பஸ் என்ற பேச்சை எடுத்தாலே குமட்டும். ஐந்து மணி நேரப் பயணம், நம் கார்தான் வழி. இரண்டு பைகளைக் கட்டி வைத்துவிட்டாள். அந்த வாரம் கடைத்தெருவில் காரிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் திணறினாள். "என்னடா பெரியவனே, முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குதே. இதை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் எப்படிடா உக்காருவேன்? கொஞ்ச நாள் போகட்டும்," என்றாள்.

கார் இறங்கியிருக்கிறதம்மா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பிறகு கட்டி வைத்த அந்த இரண்டு பைகளை நினைத்தேன்.

ஏன் என்று கேட்டாயே, இதுதான். எனக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் கைகூடவில்லை, அதைப் பற்றி நீ அடித்த கேலியெல்லாம் நினைவிருக்கிறது. கடையை மூடிவிட்டு வந்தால் கதவைத் திறக்க ஓர் ஆள், சாப்பாடு சூடாக இருக்கிறதா என்று தட்டைத் தொட்டுப் பார்க்க ஓர் ஆள். அவளும் உன் வீட்டுக்குப் போய்விட்டால் திரும்பி வரமாட்டாள் என்று தெரியும். பேரப்பிள்ளையைக் கையில் வாங்கியவள் கடைக்காரன் தட்டைத் தொட வருவாளா? எனக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம்தான், சுண்டெலி.

காரை இறக்க வருகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. ஒரே நாளில் இறக்காதீர்கள், கொஞ்சம் இறக்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், உடம்பு பழகட்டும், பிறகு அடுத்தது. நம் காருக்கும் அதே முறைதான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டே சுற்று, மூன்று மில்லிமீட்டர். ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் பார்த்தேன். பதின்மூன்று மாதம் அப்படி ஓடியது. நடுவில் சீட்டைத் தைக்கக் கொடுத்தபோது, உள்ளே இருந்த ஸ்பாஞ்சில் ஒரு விரல் கனம் எடுத்துவிடச் சொன்னேன். தையல்காரர் காரணம் கேட்டார். அம்மாவுக்கு முதுகு என்று சொன்னேன்.

இதற்கிடையில் உன் பிரசவம் வந்தது. அம்மா பையோடு வாசல் வரை வந்து, காரில் உட்கார்ந்து, இறங்கிப் பார்த்தாள். மூன்று தடவை முயன்றாள். மூன்றாவது தடவை நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன். உள்ளே போய் அழுதாள். வாடகைக்குப் பெரிய வண்டி பேசலாமா என்று கேட்டாள். "எதுல போனாலும் முட்டி உன்னோடதுதானேம்மா," என்றேன். நீ தனியாகப் பெற்றுக்கொண்டாய். நான் அனுப்பிய தொட்டில் நல்ல தொட்டில், அதையும் நீ மறந்துவிட்டாய்.

ஒருமுறை மாட்டிக்கொள்ள இருந்தேன். எதிர்வீட்டு ஒப்பந்தக்காரர் தன் உயரமான ஜீப்பில் அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போய்விட்டார். திரும்பி வந்தவள் சின்னப் பெண்ணைப் போலக் குதித்து இறங்கினாள். "பெரியவனே, இன்னிக்கு வலியே இல்லடா!" என்றாள். முந்தின நாள் நான் ஒரு தைலம் வாங்கிக் கொடுத்திருந்தேன். புகழெல்லாம் தைலத்துக்குப் போயிற்று. அன்றிலிருந்து மாதம் இரண்டு பாட்டில்.

பிறகு அவள் கைத்தடி வாங்கினாள். காலை நடையை நிறுத்தினாள். நடக்காத கால் நாளடைவில் உண்மையாகவே வலிக்கத்தான் செய்யும், அதற்கு நான் என்ன செய்ய? உன் பிள்ளைக்கு ஒரு வயது முடிவதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அவளே மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னாள்.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வயசுக்கு ஏத்த தேய்மானம்தான். ஆபரேஷன் அளவுக்கு இல்லையே. எப்ப கஷ்டமா இருக்கு?" என்றார்.

"கார்ல இருந்து எழுந்திருக்கவே முடியல டாக்டர்," என்றாள் அம்மா.

அவர் என் பக்கம் திரும்பினார். "வீட்டுல எப்படி இருக்காங்க?"

அம்மா வீட்டில் நாற்காலியிலிருந்து எழுவாள், படி ஏறுவாள், பரணில் இருக்கும் டப்பாவைக்கூட எட்டி எடுப்பாள். நான் சொன்னது, "ரொம்பக் கஷ்டப்படறாங்க டாக்டர்" என்பது மட்டும். மூன்றே வார்த்தை. வலது முட்டிக்குத் தேதி குறித்தார்கள். அறுத்து எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். நல்ல தயாரிப்பு, நான் விசாரித்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். மூன்று மாதமாக அம்மா அந்த முட்டியோடு முனகுவது என் காதில்தான் விழுகிறது, உன் காதில் இல்லை. கேட்கும்போது மனசு வலிக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீ எழுதியது நியாயம் என்று பட்டது. கடிதம் வந்த அன்றே காரைக் கடைக்கு எடுத்துப் போய் வளையங்களைத் திருப்பி, முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். சீட்டுக்குள் புது ஸ்பாஞ்சும் வைத்தாயிற்று. மறுநாள் காலை அம்மாவைக் காரில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போய் வந்தேன். வாசலில் நிறுத்தியதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன், சத்தியமாக.

நிறுத்தினேன். அம்மா தடியை எடுக்காமல், கதவைப் பிடிக்காமல், ஒரே மூச்சில் எழுந்து நின்றுவிட்டாள். வலது முட்டியைத் தடவித் தடவிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர்.

"பாத்தியாடா, ஒரு முட்டி மாத்தினதுக்கே இப்படி! வியாழக்கிழமை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே இடம் இருக்கான்னு கேளு. அதையும் முடிச்சுட்டா நேரா தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்குவேன்," என்றாள்.

கேட்டேன். நாளைக்கு இடம் இருக்கிறது. இது அம்மா தானாக எடுத்த முடிவு, சுண்டெலி. நான் வாயே திறக்கவில்லை.