உலீசெஸின் காதுகள்

கச்சேரிக்குப் போனால் மேடையை ஒட்டிப் போய் நிற்காதீர்கள். பின்னால், சவுண்டு மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடியுங்கள். எல்லா வாத்தியமும் அங்கேதான் அளவாக வந்து சேரும். முன்னால் நிற்பவர்களுக்கு டிரம்ஸும் அடுத்தவன் வியர்வையும் மட்டும்தான் மிச்சம். மெக்சிகோ நகரத்தில் நல்ல பாட்டை நேரில் கண்டுபிடிப்பது எப்படி என்று புத்தகம் எழுதுவதாகச் சொன்னீர்கள். முதல் பக்கத்தில் இதைப் போடுங்கள்.

பெரிய அரங்குகளை நம்ப வேண்டாம் என்றும் எழுதுங்கள். இங்கே உருப்படியான குழுக்கள் எல்லாம் யார் வீட்டுப் பின்கட்டிலோ, மூடிப்போன கார் பட்டறையிலோதான் முதலில் வாசித்தன. சனிக்கிழமை காலையில் சோப்போ சந்தைக்குப் போங்கள். கறுப்புச் சட்டை போட்டவர்கள் பழைய கேசட்டுகளை மாற்றிக்கொள்வார்கள். யாராவது ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார்கள். அதில் ஒரு விலாசமும் நேரமும் இருக்கும். குழுவின் பெயர் கேட்கச் சகிக்காமல் இருந்தால் கட்டாயம் போங்கள்.

எங்கள் குழுவையும் ஊர் அப்படித்தான் கண்டுபிடித்தது. பெயர் ‘மொட்டைமாடி நாய்கள்’. எங்கள் ஊரில் வீட்டு நாய்க்கு மாடிதான் இடம்; நாள் முழுக்க அங்கிருந்து தெருவைப் பார்த்துக் குரைக்கும். நாங்களும் அதையேதான் செய்தோம். நீங்கள் கேட்டது அந்தக் குழு ஏன் நின்றுபோனது என்று. பாடகன் உலீசெஸுக்குக் காது போனதால் நின்றுபோனது. அவனுக்கு ஏன் காது போனது என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சவுண்டுக்காரன். என் தம்பி லெயாந்த்ரோ எலக்ட்ரிக் கிடார். உலீசெஸ் எங்கள் தெருக்காரன், மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம். வேராகுரூஸ் பக்கத்துச் சின்னக் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, அடியில் கும்பியா தாளத்தை ஓடவிட்டு, மேலே கத்தலும் கிண்டலுமாகப் பாடுவார்கள். இங்கிலீஷில் பாடினால்தான் ராக் என்று நினைத்துக்கொண்டிருந்த ஊர் அது. எங்கள் பாட்டில் தண்ணீர் லாரி வராத தெருவும், மெட்ரோவில் மிதிபட்ட செருப்பும் இருந்தன. வரிகள் எல்லாம் லெயாந்த்ரோ எழுதியவை. நான் அவனுக்கு இரண்டு வயது மூத்தவன், ஆனால் அவன் எழுதியதில் ஒரு வரியைக்கூட என்னால் எழுத முடியாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. அவனை அவ்வளவு பிடிக்கும்.

அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அப்பாவைப் போலவே குடித்தான். அப்பா குடித்தே செத்தார். தொண்ணூற்று நான்கு ஜனவரியில் அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குவாதலூப்பே மாதா கோயிலுக்குப் போனாள். ஒரு வருடம் ஒரு சொட்டு தொட மாட்டேன் என்று மாதா முன்னால் சத்தியம் செய்தான். பாதிரியார் ஒரு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயம்தான், ஆனால் அந்த அட்டை சட்டைப்பையில் இருக்கும்போது எவனும் வற்புறுத்த மாட்டான். ஏழு மாதம் அவன் தொடவில்லை. வாசித்து முடித்து எல்லோரும் பீர் பாட்டிலைத் திறக்கும்போது அவன் செம்பருத்தித் தண்ணீர் குடிப்பான்.

“என்ன மதர், இன்னிக்கும் செகப்புத் தண்ணிதானா?” என்பான் உலீசெஸ்.

“உனக்கும் ஒரு கிளாஸ் ஊத்தறேன், சிஸ்டர். தொண்டைக்கு நல்லது. நேத்து நீ இழுத்த இழுப்புல அடுத்த மாடி நாய் கயித்த அறுத்துட்டு ஓடிப்போச்சு.”

இப்படியேதான் இருப்பார்கள் இருவரும்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்த்தாலெஸ் பேட்டையில் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தின் மேல் வாசித்தோம். தண்ணீர்த் தொட்டிகளுக்கும் துணிக்கொடிகளுக்கும் நடுவில் இருநூறு பேர் நின்றார்கள். சாயங்காலம் நான்கு மணி. எங்கள் ஊரில் ஜூலை மாதம் அந்த நேரத்துக்கு மழை வராவிட்டால்தான் ஆச்சரியம். முதல் தூறல் விழுந்ததும் போதும் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். உலீசெஸ் பார்த்தான். பார்த்துவிட்டு மைக்கில், “தண்ணிக்குப் பயந்தவங்க எல்லாம் கீழ எறங்குங்க. நாய் நனைஞ்சா ஒதறிக்கும்” என்றான். கூட்டம் ஊளையிட்டது. லெயாந்த்ரோ என்னைப் பார்த்தான். நான் தோளைக் குலுக்கினேன்.

பாட்டின் மூன்றாவது வரியில் தம்பி சேர்ந்து பாட வேண்டும். கை கிடார் கம்பியில் இருக்க, மைக்கில் உதட்டை வைத்தான். குரல் வரவில்லை. பாதி நனைந்த கூட்டம் அவன் ஷாக் அடித்து விழுந்ததை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது. சாகும்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். உலீசெஸ் முந்திக்கொண்டு, “குடிச்சிருந்தான் சார். காலைலேர்ந்தே. நிக்க முடியாம மைக்கைப் புடிச்சுட்டான்” என்றான். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தம்பியைப் பறிகொடுத்தவன் வேறென்ன செய்வான்? அவர் எழுதிக்கொண்டு நோட்டை மூடினார். உடம்பை அறுக்க வேண்டாம் என்று அம்மா அவர் காலைப் பிடித்துக் கேட்டதால் பரிசோதனையும் இல்லை. மறுநாள் ரேடியோவிலும் அதையே சொன்னார்கள்.

அம்மா நம்பிவிட்டாள். மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மீறினான், மாதா எடுத்துக்கொண்டாள் என்று அவளுக்குக் கணக்குச் சரியாகப் போயிற்று. நவம்பரில் செத்தவர்களுக்குப் படையல் வைத்தபோது அவன் படத்தை வைக்கவில்லை. அப்பா படம் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கிளாஸ் மெஸ்கால் சாராயமும் இருந்தது.

“அவருக்கு சாராயமே வச்சிருக்க. தம்பிக்கு ஒரு மெழுகுவத்தி கூட இல்லையாம்மா?” என்று கேட்டேன்.

“உங்கப்பன் குடிகாரன்தான். ஆனா மாதா முன்னால நின்னு பொய் சொல்லல. அவன் பேரை இனிமே எங்கிட்ட எடுக்காத, அன்செல்மோ.”

செத்தவன் வருடத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருகிறான், அன்று அவனுக்கு வாசல் மூடியிருக்கிறது. ஒன்பது நவம்பர் அப்படிப் போனது. அந்த முதல் நவம்பரிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். உலீசெஸைக் கொல்வது என் யோசனையில் இல்லை. கொன்றால் நாளைக்கே சுவரில் அவன் முகத்தை வரைந்து பூ வைப்பார்கள். அவன் ஒரு பொய்யைச் சொல்லி என் தம்பியை ஊமையாக்கினான். அவனுக்கு எது உயிரோ அதைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் அவனாகவே கொண்டுவந்து என் கையில் கொடுக்கும்படி எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அவசரம் இல்லை.

குழு வளர்ந்தது. தம்பி பாட்டுகளை வைத்துத்தான் வளர்ந்தது. வேறு சவுண்டுக்காரன் வேண்டுமா என்று யாரோ கேட்டபோது உலீசெஸ், “அன்செல்மோவைத் தவிர ஒருத்தனையும் எங் காதுகிட்ட விட மாட்டேன்” என்றானாம். தொண்ணூற்று ஏழில் காதுக்குள் மாட்டும் ஸ்பீக்கர் வந்தது. பாடகனுக்கு அவன் குரலும் வாத்தியங்களும் நேராகக் காதுக்குள்ளேயே போகும். சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் பிடித்து நிறுத்த அதில் ஒரு பூட்டு உண்டு. நான் முதல் நாளே அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

பிறகு பெரிதாக நான் எதுவும் செய்யவில்லை. காது எந்த இடத்தில் மென்மையானது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். குழந்தை வீறிடும்போது கூசுகிறதே, அந்த இடம். அதை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன். கூசாமல் இருக்க மற்றதையும் கூட ஏற்றினேன். இரண்டு மாதத்தில் காது மரத்துப்போய் அவனே கட்டை விரலை மேலே காட்டினான், இன்னும் வை என்று. வைத்தேன். ஆறு வருடம் அந்தக் கட்டை விரல் மேலேதான் போனது, ஒரு நாளும் கீழே வரவில்லை.

ஒருநாள் பகல் ஒத்திகையில் பாதியில் நிறுத்தினான்.

“மச்சான், கீச்சுன்னு ஒரு சத்தம் வருதே, உனக்குக் கேக்குதா?”

அரங்கில் ஈ பறந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி.

“கேக்குதே. ஆம்புலேர்ந்து வருது. பாத்துடறேன்” என்றேன்.

“அப்பாடா. எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்.”

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தச் சத்தத்தை நான் ‘பார்த்துக்கொண்டிருந்தேன்’. வீட்டில் படுத்திருக்கும்போதும் கேட்கிறது என்றான். நாள் முழுக்க வாசித்தால் அப்படித்தான் இருக்கும், எனக்கும் உண்டு என்றேன். ஒரு டாக்டரிடம் தானாகவே போனான். ஆறு மாதம் ஓய்வு என்று அவர் சொல்லிவிட்டார். என்னிடம் வந்து யோசனை கேட்டான். “அவருக்குப் பாட்டுக்காரங்களைப் பத்தி என்ன தெரியும்? ஆறு மாசம் வாய மூடினா உன்ன எவன் ஞாபகம் வச்சுப்பான்?” என்றேன். அவன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நானும் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

இரண்டாயிரத்து மூன்றில் அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசி வரை படையலில் தம்பி படம் இல்லை. அடுத்த வருடம் ஏப்ரலில் ஒரு பூங்காவில் மத்தியானக் கச்சேரி. எட்டாயிரம் பேர் வந்திருந்தார்கள். உலீசெஸ் முதல் பாட்டை அரைச் சுருதி கீழே பிடித்தான். அங்கேயே நின்று முழுப் பாட்டையும் பாடினான். இரண்டாவது பாட்டும் அப்படியே. ஏதோ குறும்பு என்று கூட்டம் முதலில் சிரித்தது. நான்காவது பாட்டில் காகிதக் கோப்பைகள் பறந்து வந்தன. கத்தல்கள், விசில்கள். அவனுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. வாய்கள் திறந்து மூடுவதைப் பார்த்து, பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணங்கினான். கட்டை விரலை எனக்குத் தூக்கிக் காட்டினான். அன்று போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இப்போது அவன் தங்கை வீட்டில் இருக்கிறான். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் போவேன், சூடாக ஆட்டுக்கறியும் சோள ரொட்டியும் வாங்கிக்கொண்டு. அவனைப் பார்க்க வருகிற ஒரே ஆள் நான்தான். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

போன ஞாயிறு சாப்பிட்டுக் கை கழுவியபின் அவன் பேச ஆரம்பித்தான். தன் குரல் தனக்கே கேட்காததால் தெருவுக்கே சொல்வது போலக் கத்திச் சொன்னான்.

“மச்சான், இத இப்பவாவது சொல்லிடறேன். அன்னிக்கு மத்தியானம் நீ ஆம்ப் பிளக்குல எர்த் பின்ன கொறட்டால ஒடிச்சத நான் பாத்தேன். அந்த ஆபீசர் வயரப் பாத்திருந்தா உன்னத்தான் கூட்டிட்டுப் போயிருப்பான். உங்கம்மாவுக்கு ஒரே நாள்ல ரெண்டு புள்ளையும் போயிருக்கும். அதான் குடிச்சிருந்தான்னு வாயில வந்தத சொல்லிட்டேன். செத்தவன் கோச்சுக்க மாட்டான்னு நெனச்சேன். உங்கம்மா அத அப்படி எடுத்துக்கும்னு எனக்குத் தெரியாது. நீயாவது அவங்ககிட்ட சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். சொன்னியா?”

ஆமாம், அந்த ஒன்றை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அன்று ஸ்பீக்கரில் ஊம் என்று ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. எர்த் பின்னை ஒடித்தால் அது நின்றுவிடும். பழைய கட்டடங்களில் பிளக் மாட்டும் துளையே இரண்டுதான் இருக்கும், மூன்றாவது பின்னை எவனும் பெரிதாக நினைக்க மாட்டான். இந்த ஊரில் எந்தச் சவுண்டுக்காரனும் அதைத்தான் செய்திருப்பான். ஒடித்தேன், இரைச்சல் நின்றது, தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். மழையில் அந்த ஆம்பில் மாட்டிய கிடாரில் கை வைத்தவன் உடம்பு வழியாகத்தான் மின்சாரம் இறங்க வேண்டியிருந்தது. எனக்கு அது அன்றைக்கே தெரியும். ஒன்பது வருடத்தில் ஏதாவது ஒரு நவம்பரில் அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்ததுண்டு. ஆனால் உலீசெஸ்தான் ஏற்கெனவே ஒரு பொய்யைச் சொல்லி வைத்துவிட்டானே, அதற்குப் பிறகு என் உண்மைக்கு எங்கே இடம்?

அவன் பதிலுக்காக என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டியபடி குழாயடிக்குப் போனேன். அங்கே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பின்னை ஒடித்தது நான்தான் என்றும், அம்மாவிடம் சொல்லவில்லை என்றும், அவன் காதை என்ன செய்தேன் என்றும் ஒன்றுவிடாமல், நல்ல சத்தமாகவே சொன்னேன். என் பங்கை நான் செய்துவிட்டேன். அவன் காதில் விழவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?