இரண்டு கையெழுத்து பாக்கி

சைரன். மாலை நான்கு மணி. மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கிறேன். தலைக்கு மேல் இரண்டு கைகள். இடது காதில் எதுவும் இல்லை. வலது காதில் மட்டும் ஏறி இறங்குகிறது.

இது டெல்லி, ஆர்.கே.புரம். அண்ணனின் அரசுக் குடியிருப்பு. பால்கனிகளில் ஆட்கள் நின்று போனில் படம் எடுக்கிறார்கள். கீழ்வீட்டு ஆன்ட்டி குனிந்து பார்க்கிறாள். "அரே பேட்டா, டிரில் ஹை."

எனக்கும் தெரியும். ஒத்திகை என்று காலையிலேயே செய்தியில் சொன்னார்கள். உடம்புக்குத்தான் தெரியவில்லை.

அங்கே ஒத்திகை கிடையாது. மேற்கு ஆசியாவில் ஒரு நகரம். பெயர் சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். நான் நர்ஸ். விடுதியில் என் அறைத்தோழி ஸ்டெல்லா, தூத்துக்குடிக்காரி. டெல்லியில் ஒரே வார்டில் வேலை பார்த்துவிட்டு ஒன்றாக விமானம் ஏறியவர்கள்.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை தொடங்கியது. திங்கள் முழுக்கச் சைரன். செவ்வாய் மதியம் எல்லைக்கு ஒரு பஸ் கிளம்புவதாகத் தகவல் வந்தது. மூன்று மணிக்கு. ஸ்டெல்லா ஷூ மாட்டி, பையோடு நின்றாள். நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அண்ணனுக்கு டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தில் வேலை. ஆபீஸ் விஷயத்தைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறவர். அண்ணிக்குக்கூட எதுவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

"அண்ணே, பார்டருக்கு ஒரு பஸ் போவுது. ஏறவா, இருக்கவா?"

அவருடைய மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவசரப்படாதட்டி. கவர்மெண்ட் அட்வைசரி வரட்டும். அதுவரைக்கும் இருந்த இடத்துலயே இரு."

"ஸ்டெல்லா கிளம்பி நிக்கா."

"அவளையும் இருக்கச் சொல்லு."

சொன்னேன். என் அண்ணனுக்குத் தெரியாததா என்று வேறு சொன்னேன். ஸ்டெல்லா ஷூவைக் கழற்றினாள். பஸ் போனது.

புதன். காலை ஏழு பத்து. சைரன். தொண்ணூறு விநாடிக்குள் மூன்று மாடி இறங்க வேண்டும். ஓடுகிறேன். பின்னால் ஸ்டெல்லா. ஷூ மாட்ட நின்றுவிட்டாள்.

"விட்டுட்டு வா! ஸ்டெல்லா, வா!"

குண்டு விழுந்த சத்தம் கேட்கவில்லை. முதலில் காதுதான் போனது. பிறகு படிக்கட்டு இல்லை. மேலே வானம் தெரிந்தது.

பதினோரு மணிக்குப் போனில் அட்வைசரி வந்தது. இந்தியர்கள் உடனடியாக வெளியேறவும்.

இன்று ஐந்தரைக்கு அண்ணன் ஆபீஸிலிருந்து வந்தார். நான் இன்னும் படிக்கடியில்தான் கிடந்தேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பேண்ட் அழுக்காவதைப் பார்க்கவில்லை.

"அந்த ஃபைல் செவ்வாக்கிழமை காலையிலயே என் மேசைக்கு வந்துட்டு. வெளியேறவும்னு டைப் அடிச்சதே நான்தான். மேல ரெண்டு கையெழுத்து பாக்கி. அதுக்கு முன்ன வெளிய சொல்லக் கூடாதுல்லா?"

'வெளியேறவும்' என்ற வார்த்தையைப் போட்டால் அந்த நாட்டு அரசு மனம் கோணுமோ என்று மேலதிகாரிகள் ஒரு நாள் முழுக்க யோசித்தார்களாம்.

டிவியில் வல்லுநர்கள் தேசப் பாதுகாப்பைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறார்கள். ரகசியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராணுவத்துக்கு வேண்டும். பஸ் ஏறுவதில் என்ன ரகசியம்? "ஏறு" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். காரணம் கேட்டிருக்க மாட்டேன். அவர் விதியை மீறவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. மீறியிருந்தால் அவரைத் திட்ட ஆபீஸ் இருந்திருக்கும். இப்போது திட்ட நான் மட்டும் இருக்கிறேன். எனக்கு வாய் வரவில்லை.

போனவை இவை. என் இடது காது. ஒரு பெட்டி நிறையச் சான்றிதழ்கள். விடுதியில் பதினோரு பேர். அவர்களில் ஒருத்தி ஸ்டெல்லா, வயது இருபத்தொன்பது. அவளை இருக்கச் சொன்னது நான்.

அப்புறம் ஓர் அண்ணன். அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.