முத்தது என்று எழுதிய ஸ்டிக்கர்

திண்டுக்கல் நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பாக 02.12.2024 திங்கட்கிழமை முற்பகல் 11.20 மணிக்குப் பதிவு செய்யப்பட்டது.

பெயர்: சுப்புராஜ். தகப்பனார் பெயர்: நாச்சிமுத்து. வயது: 57. ஊர்: சின்னாளபட்டி. வேலை: தனியார் மருத்துவமனையில் ஜெனரேட்டர், யு.பி.எஸ். ஓட்டுபவர். படிப்பு: எட்டாம் வகுப்பு.

மேற்படி ஊரில் நான் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு வருடம் படித்திருப்பதால் படிப்பு என்ற இடத்தில் ஒன்பது என்று போடலாமா என்று கேட்டேன், நடுவர் அய்யா அவர்கள் எட்டு என்றே போடச் சொன்னார்கள். கடந்த வெள்ளிக்கிழமை நான் இங்கே வந்தபோது, நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பும் என்றும், சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், போய் யோசித்துவிட்டு வரும்படியும் சொல்லி அனுப்பினார்கள். மூன்று நாள் யோசித்தேன். யோசனை எனக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் மண்டை வலித்ததே தவிர வேறு முடிவு வரவில்லை.

எனக்கு இரட்டைப் பெண்கள். முதலில் பிறந்தவள் கனகா. எட்டு நிமிடம் கழித்துப் பிறந்தவள் பரணி. எங்கள் வீட்டு வழக்கத்தில் இரட்டையில் பின்னால் பிறந்ததுதான் மூத்தது. டவுன் பஸ்ஸில் கடைசியாக ஏறியவன்தான் படியில் நின்று முதலில் இறங்குவான், முதலில் ஏறியவன் உள்ளே சீட்டில் இருப்பான், அந்தக் கணக்குதான். ஆகவே பரணியைக் கனகா அக்கா என்று கூப்பிட வேண்டும். ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "டாக்டர் சீட்டுல என் பேருதானப்பா மேல இருக்கு" என்று சண்டைக்கு வருவாள். பரணி திருமணமாகி பாலசமுத்திரத்தில் இருக்கிறாள், அவளுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்லை. வழக்கத்துக்குத்தான் சம்பந்தம்.

கனகா கம்ப்யூட்டர் படித்து, நான் வேலை பார்க்கும் அதே மருத்துவமனையில் சர்வர் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். 2019ஆம் வருடம் ஜூன் மாதம் அங்கே யூனிக்ஸ் என்ற வகை சர்வர் மெஷின்கள் இரண்டு, பெரியதாக வந்தன. ஒரே லாரியில் வந்த, அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்த மெஷின்கள். இரண்டையும் கிளஸ்டர் என்ற சாஃப்ட்வேரால் சேர்த்துக் கட்டினாள். ஒன்று வேலை பார்க்கும், மற்றது சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கும், வேலை பார்ப்பது விழுந்தால் சும்மா நிற்பது அந்த நிமிடமே சுமையை வாங்கிக்கொள்ளும் என்று எனக்கு விளக்கினாள். "இதுல சும்மா நிக்கிறது நான்னு வச்சுக்க" என்றேன். நோயாளிகள் விவரம் எல்லாம் இரண்டுக்கும் பொதுவான ஒரு டிஸ்க் பெட்டியில் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் அதில் எழுதிவிடக் கூடாது என்பதற்காக, யார் எழுதலாம் என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஒரு சின்ன டிஸ்க் உண்டு. அதற்கு சாட்சி டிஸ்க் என்று பெயர்.

அன்றைக்குக் காலையில் ஒரு மெஷினிலும் சாயங்காலம் மற்ற மெஷினிலும் கிளஸ்டரை ஏற்றி முடித்துவிட்டு, "மூத்தது, இளையதுன்னு பேர் வச்சிருக்கேம்ப்பா. ரெண்டுலயும் எழுதி ஒட்டிருங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் மருந்துக்கடை ஆளிடம் மாத்திரை உறையில் ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கர் இரண்டு வாங்கி எழுதி, முன்னால் ஜல்லடைக் கதவு இருந்ததால் பின்பக்கம் பவர் ஒயருக்கு மேலே ஒட்டினேன். சாயங்காலம் முடித்த மெஷினில் மூத்தது என்று ஒட்டினேன். எங்கள் வீட்டு வழக்கப்படி அதுதான் மூத்தது. கனகாவுக்கு அது இளையது. ஐந்து வருடம் இரண்டும் நன்றாக ஓடியதால் பின்பக்கம் போய்ப் பார்க்க யாருக்கும் வேலை வரவில்லை.

அதன் பிறகு இந்த வருடம் நவம்பர் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கிளஸ்டரைப் பழைய பதிப்பிலிருந்து புதுப் பதிப்புக்கு மாற்றுவதாக இருந்தது. கனகா எட்டு மாதக் கர்ப்பமாக, கால் வீங்கி, பேறுகாலத்துக்கு என் வீட்டில் இருந்தாள். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் செய்துவிடலாம், மெஷின் அறையில் நான் இருந்தால் போதும் என்றாள். முதலில் இளையதை நிறுத்திப் புதுப் பதிப்பை ஏற்றி எழுப்ப வேண்டும், அதன் பிறகு சுமையை அதற்கு மாற்றிவிட்டு மூத்ததை நிறுத்தி அதிலும் ஏற்ற வேண்டும், இதுதான் முறை. இரண்டும் ஒரே பதிப்புக்கு வரும்வரை சாட்சி டிஸ்க்கை அணைத்து வைக்கும்படி விற்ற கம்பெனியின் புத்தகத்தில் இருந்ததால் அதை அணைத்துவிட்டாள்.

பகல் 12.40க்குப் போன் செய்தாள். இளையது எழுந்திருக்காமல் பாதியில் நிற்கிறது என்றும், "பின்னாடி ரெண்டு பவர் ஒயரையும் பிடுங்கி, முப்பது எண்ணிட்டுச் சொருகுங்கப்பா. இளையதுப்பா, ஸ்டிக்கரைப் பாத்துச் செய்ங்க" என்றும் சொன்னாள். ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் செய்தேன். பதினொன்று எண்ணும்போது அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் ருக்ஸார் என் இன்னொரு போனில் கூப்பிட்டு, "அண்ணே, எல்லா ஸ்கிரீனும் செத்துப்போச்சு, என்னத்தப் பண்ணித் தொலைச்சீக" என்றாள். நான் முப்பது வரை எண்ணாமல் பதினொன்றிலேயே ஒயர்களைத் திருப்பிச் சொருகிவிட்டேன்.

கனகா போன் லைனிலேயே இருந்தாள். "மூத்தது விழுந்துருச்சுப்பா. நீங்க மாத்திப் பிடுங்கலையே?" என்று கேட்டாள். "ஏந்தாயி, இரட்டைப் பிள்ளை பெத்தவனுக்கு மூத்தது இளையது தெரியாதா?" என்றேன். சிரித்தாள். அந்த நேரம் பார்த்து, அதுவரை மக்கர் செய்துகொண்டிருந்த மெஷின் தானாகவே எழுந்துவிட்டது. நான் ஒயரைப் பிடுங்கியதால்தான் எழுந்தது என்று அவள் நம்பினாள். மற்றது தானாகச் செத்தது என்றும் நம்பினாள். இவர்கள் மெஷினைப் பற்றிப் பேசும்போது செத்தது, எழுந்தது என்றுதான் பேசுவார்கள்.

அதன் பிறகு அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "சரிப்பா, செத்தது செத்தபடியே கிடக்கட்டும். நான் எந்திரிச்சதை வச்சுக் கட்டாயப்படுத்திச் சுமையைத் தூக்கப் போறேன். அந்த நேரத்துல மத்தது எந்திரிச்சு வந்தா ரெண்டும் நான்தான் நான்தான்னு டிஸ்க்ல எழுதிரும். அதுல லைட்டு ஏதும் எரியலைல்ல?" என்றாள்.

நான் சொருகிய மெஷினில் பச்சை லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. என் முகத்துக்கு நேரே, ஒரு முழ தூரத்தில் எரிந்தது. "எரியல தாயி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று நடுவர் அய்யா கேட்டார்கள். ஊர் முழுக்க நான் முட்டாள், நான் முட்டாள் என்று நானே சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிகிறவன். இன்னொருத்தர் அதைக் கண்டுபிடிப்பது மட்டும் எனக்குப் பிடிக்காது. அதுவும் கனகா கண்டுபிடிப்பது பிடிக்காது. இதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்த நேரம் "எரியுது" என்று சொல்லியிருந்தால் அவள் என்னைத் திட்டியிருப்பாள், அதோடு போயிருக்கும்.

அவள் கட்டளையைப் போட்டாள். சில நிமிடத்தில் நான் சொருகியதும் எழுந்தது. ஒன்றில் புதுப் பதிப்பு, ஒன்றில் பழைய பதிப்பு. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாததால், மற்றது செத்துவிட்டது, இனி நான்தான் என்று இரண்டும் முடிவு செய்து, சாட்சியும் இல்லாததால், ஒரே டிஸ்க்கில் ஒன்று எழுதியதன் மேலேயே மற்றது என்று இரண்டும் நாற்பது நிமிடம் எழுதின. அவள் கண்டுபிடித்து நிறுத்தினாள். சாயங்காலத்துக்குள் ஏதேதோ செய்து, ஒரே மெஷினில் ஓடவிட்டாள். ஸ்கிரீன்கள் எல்லாம் வந்தன. நானும் கேன்டீனில் வடை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். எதையும் மறைக்காமல் சொல்வது என்று வந்திருப்பதால் வடையையும் சொல்கிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை 7.30 மணிக்குத் தாடிக்கொம்பிலிருந்து அழகம்மாள் என்ற 61 வயது அம்மாளை மூச்சுத் திணறலோடு கொண்டுவந்தார்கள். பூந்தோட்டத்திலிருந்து அப்படியே கூட்டி வந்ததால் அவர் மடியில் பறித்த மல்லிகை மொட்டு இருந்தது. அவரால் பேச முடியவில்லை. கூட வந்த பக்கத்துத் தோட்டத்து ஆளுக்கு எதுவும் தெரியவில்லை, மகன் முத்துக்கிருஷ்ணன் வெளியூரில் இருந்தார். ஒரு குறிப்பிட்ட ஊசி அந்த அம்மாளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ருக்ஸார் போன வருடம் தன் கையால் ஏற்றிய சிவப்புக் குறி கம்ப்யூட்டரில் இருந்திருக்க வேண்டும். பெயர் வந்தது, வயது வந்தது, விலாசம் வந்தது, அந்த இடம் மட்டும் வெறுமையாக வந்தது. அந்த ஊசியைப் போட்டார்கள். 8.10க்கு அழகம்மாள் இறந்துபோனார். கீழே சிந்திய மொட்டுகளைக் கூட்டிப் பெருக்கும்போது நான் அங்கே ட்யூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தேன். யாருக்கு என்ன ஆனது என்று எனக்கு அப்போது தெரியாது.

அழகம்மாள் விஷயம் தெரிந்து, செவ்வாய்க்கிழமை கனகா ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு வந்தாள். மெஷின் அறைக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன். இரண்டு ஸ்டிக்கரையும் பார்த்தாள். பிறகு நகத்தால் கீறி இரண்டையும் கிழியாமல் உரித்து, தன் ஸ்கேன் ரிப்போர்ட் கவருக்குள் ஒட்டி வைத்துக்கொண்டாள். "லைட்டு எரிஞ்சுச்சாப்பா?" என்று கேட்டாள். "எரிஞ்சது" என்றேன். என்னைத் திட்டவில்லை. "நீங்க இந்த ரூமுக்குள்ள வரவே இல்ல, புரியுதா" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை பழைய நகலிலிருந்து விவரம் அனைத்தும் திரும்பி வந்தது. அழகம்மாள் பெயருக்கு எதிரே சிவப்புக் குறியும் வந்தது.

முத்துக்கிருஷ்ணன் புகார் கொடுத்தார். பேறுகால லீவு தராத கோபத்தில் கனகா வேண்டுமென்றே அழித்துவிட்டதாக நிர்வாகமும் ஒரு புகார் கொடுத்தது. காவல் நிலையத்தில் கனகா, தப்பான கட்டளை போட்டது நான்தான், மெஷின் அறைக்குள் யாரும் போகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அது தெரிந்து நான் அங்கே போய், ஒயரைப் பிடுங்கியதும் பொய் சொன்னதும் நான்தான் என்றேன். எஸ்.ஐ. அய்யா என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "பெரியவரே, எனக்கும் பொம்பளப் பிள்ளை இருக்கு. நானா இருந்தாலும் இப்படித்தான் வந்து நிப்பேன். வீட்டுக்குப் போங்க" என்றார். மறுநாளும் போனேன். "அவங்களும் நான்தாங்குறாங்க, நீங்களும் நான்தாங்குறீங்க. ரெண்டையும் ஒரே ஃபைல்ல நான் எப்படிய்யா எழுதுறது? சாட்சி இருக்கா?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நான் குடித்திருப்பதாக நினைத்துக்கொண்டார். நான் குடிப்பதில்லை.

ருக்ஸார் ஸ்கிரீன் செத்ததைத்தான் பார்த்தாள், ஒயரைப் பிடுங்கியதைப் பார்க்கவில்லை. பார்த்தது நான் ஒருத்தன், நான் சொன்னால் தகப்பன் சொல்கிறான் என்கிறார்கள். வாழ்நாள் பூராவும் நான் சொன்ன பொய்யை எல்லாம் ஊர் நம்பியது, என் மகளும் நம்பினாள். இந்த ஒரு உண்மையை நம்ப ஆள் இல்லை.

அதன் பிறகு கனகா பரிசோதனைக்குப் போயிருந்தபோது, அந்தக் கவரை அவள் துணிப் பெட்டியின் அடியில் தேடி எடுத்தேன். குழந்தையின் படத்துக்குப் பின்பக்கம் இரண்டு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தன. படத்தோடு சேர்த்து இன்று நடுவர் அய்யாவிடம் கொடுத்துள்ளேன். இன்று காலை நான் சட்டை போடும்போது கனகா பார்த்துவிட்டாள். "கோர்ட்டுக்குத்தான போறீங்க. எங்கப்பாவுக்கு எழுதவே வராது, அந்த ஸ்டிக்கர் நான் எழுதினதுன்னு சொல்லிருவேன்" என்றாள். "சொல்லு தாயி" என்றேன். "பேரப்பிள்ளை மூஞ்சியப் பாக்க வேணாமா?" என்றாள். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நடுவர் அய்யா ஸ்டிக்கரை என்னிடம் காட்டாமல், ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து மூத்தது, இளையது என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். நான் எழுதியதையும் ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார்கள். இரண்டிலும் "முத்தது" என்றுதான் இருக்கிறது, மூ என்ற நெடிலுக்கு முதல் எழுத்தில் சுழி இல்லை என்றார்கள். எட்டாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்ததற்கு அந்தச் சுழியும் ஒரு காரணம். கனகா அப்படி எழுத மாட்டாள், அவள் தமிழில் தொண்ணூற்றாறு வாங்கியவள்.

இதைத் தட்டச்சு செய்தவர் அந்தச் சொல்லை மட்டும் மூத்தது என்று திருத்தி அடித்திருந்தார். நல்ல மனதோடு செய்ததுதான். அதைத் திருத்த வேண்டாம், நான் எழுதியபடியே இருக்கட்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொண்டேன், திரும்ப மாற்றிவிட்டார்கள். எனக்கு இருப்பது அந்த ஒரு சாட்சிதான்.

மேலே உள்ளதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது. யாரும் மிரட்டியோ, ஆசை காட்டியோ, மகள் என்ற பாசத்துக்காகவோ இதைச் சொல்லவில்லை. அத்தனையும் நடந்தது, லைட் எரிந்தது உட்பட.

(ஒப்பம்)
நா. சுப்புராஜ்