பாலத்தில் இறக்கிய நாற்காலி

கதவைத் தாழ் போட்டுட்டு வா டோபி... அந்த மெழுகுவத்தியை அணைச்சுடு, அடுப்பு வெளிச்சம் போதும். சிரிக்கிறவன் இப்பவே சிரிச்சு முடிச்சுக்கோ. அப்புறம் என் மதுக்கடையில உக்காந்து பல்லைக் காட்டினா துடைப்பம்தான்.

இது என் சிநேகிதி ஹெஸ்டரோட தம்பிக்கு நடந்தது. ஜெத்ரோ... வலது தோள் சரிஞ்சு நடப்பானே, அவன்தான்.

டிசம்பர் மாசம். சாயங்காலம் அஞ்சு மணிதான், ஆனா கும்மிருட்டு. ஆத்துப் பாலத்து ரோட்டுல ஈ காக்கா இல்லை. அவன் பொண்டாட்டி டார்க்கஸுக்கு வலி எடுத்துடுச்சு. முன்னாடியே ரெண்டு பிள்ளை பொறந்து பொறந்து போயிருச்சு. இதுவும் போனா அவளும் கூடவே போயிருவான்னு ஊருக்கே தெரியும். இவன் அக்கரைக்கு ஓடி, மருத்துவச்சி ஹக்கின்ஸைக் கூட்டிட்டுத் திரும்பி வரான்...

இரு, அந்தப் பாலத்துக் கதையைச் சொல்லணும்ல.

ஆம்ப்ரோஸ் பென்ரிக். மெழுகுவத்திக் கடைக்காரன் மகன். சர்க்கரைக் கப்பல்ல காசு பாத்து, அக்கரையில மேட்டு மேல மாளிகை கட்டினார். அப்புறம் பார்லிமெண்ட் ஆசை வந்துருச்சு. தேர்தல் முடியிற வரைக்கும் இதே இடத்துல ஊருக்கே பீர், சுட்ட மாட்டிறைச்சி. எவன் வீட்டுப் பிள்ளையைப் பாத்தாலும் தூக்கி முத்தம். ஜெயிச்சாச்சு. ஜெயிச்சவரை நாற்காலியில உக்கார வச்சு, நாலு பேர் தோள்ல தூக்கி ஊரைச் சுத்தணும். கடைசியில அவர் வாசப்படியிலதான் இறக்கணும், நடுவுல தரையில படக் கூடாது. இறக்குற இடம்தான் அவர் வாசல்னு சொல்லுவாங்க. வலது முன்பக்கம் நம்ம ஜெத்ரோ. மேல உக்காந்தவர் 'ம், நடங்க'ன்னு செருப்புக் குதியால பலகையில தட்டுவார். டொக்... டொக்.

அடுத்த தேர்தல்லயும் அவரே ஜெயிச்சார். லண்டன்ல சந்துக்குச் சந்து பங்கு வித்த காலம் அது. நம்ம ஊரும் சும்மா இருக்குமா? பாதிப் பேர் இருந்த காசையெல்லாம் இவர் கப்பல் கம்பெனிப் பங்குல கொண்டுபோய்க் கொட்டினாங்க. டார்க்கஸ் கொண்டுவந்த சீர் மொத்தமும் அதுலதான். ஊர்வலம் பாலத்து நடுவுக்கு வருது, மழை தூறுது... எதிர்ல லண்டன் தபால் குதிரைக்காரன். கம்பெனி கவுந்துருச்சாம். கப்பலே கிடையாதாம்.

மேளம் நின்னு போச்சு. ஜெத்ரோதான் மொதல்ல வாயைத் திறந்தான். "இறக்குங்கடா."

பாலத்து நடுவுல இறக்கி வச்சுட்டு ஊரே திரும்பிப் போயிருச்சு. அந்த மனுஷனுக்குக் கீல்வாதம். கால் பெருவிரல் வீங்கி, எட்டு வச்சு நடக்க முடியாது. "என்னை என் வாசல்ல விட்டுடுங்கப்பா..." மழையோட மழையா அந்தக் குரல் இங்க வரைக்கும் கேட்டுச்சு. அடப்பாவிங்களா, ஒருத்தன் போகலையே! விடிஞ்சு பாத்தா நாற்காலி கீழ ஆத்து நாணல்ல சிக்கிக் கிடக்கு. ஆள் கிடைக்கவே இல்லை.

சரி... அந்தப் பாலத்துலதான் ஜெத்ரோ வரான். முன்னால லாந்தரோட மருத்துவச்சி. பாதிப் பாலம். காத்து நின்னுச்சு.

டொக்... டொக்.

பாலம் கல்லுடா. மரம் எங்க இருக்கு?

அடுத்த நொடி வலது தோள் மேல கனம். தெரிஞ்ச கனம். ஊர்வலத்துல தூக்கித் தூக்கி விழுந்த பழைய தழும்பு மேலயே நாற்காலிக் கட்டை வந்து உக்காருது. பின்னாலயே ஒரு வாடை... பென்ரிக் தலையில வச்சிருப்பாரே, மாவு பூசின பொய்முடி, அது நனைஞ்சா வருமே, அந்த வாடை. கூடவே ஆத்துச் சேறு.

"சட்டுனு வாய்யா! பிள்ளை உன்னைக் கேட்டுட்டா பொறக்கும்?"னு ஹக்கின்ஸ் கத்துறா.

மாளிகை பின்னால, மேட்டு மேல. வீடு முன்னால. திரும்பினா டார்க்கஸ் கதி என்ன? ஜெத்ரோவுக்கு அழுகை வந்துருச்சு. "ஐயா... இன்னைக்கு விட்டுடுங்கய்யா. நாளைக்கு நானே தூக்கிட்டுப் போறேன், சத்தியமா."

அப்புறம்...

டொக்... டொக்.

நடக்கச் சொல்றாரு. நடந்தான். பாலம் தாண்டி, சந்து தாண்டி, பல்லைக் கடிச்சுட்டு, தோள் எலும்பு நறநறங்க...

"ஏன்க்கா, அந்த ஹக்கின்ஸுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

வாடை தெரிஞ்சுதுடா டோபி. இன்னைக்கு வரைக்கும் அவ அந்தப் பாலத்துல கால் வைக்கிறதில்லை. குறுக்கே பேசாதே.

ஜெத்ரோ வீட்டு நிலைக்கதவு தெரியும்ல, எவ்வளவு குள்ளம்? உள்ள போகணும்னா தலை குனியணும், முட்டி மடக்கணும். அவசரத்துல குனிஞ்சான். நாற்காலியை இறக்கும்போது எப்படிக் குனிவாங்களோ, அப்படியே. கனம் சட்டுனு இறங்கிருச்சு. அப்பாடான்னு இருந்துச்சாம் அவனுக்கு. வாசப்படியிலயே உக்காந்து தேம்பித் தேம்பி அழுதான்.

அப்புறம்தான் எங்க இறக்கினோம்னு உறைச்சுது. அதுக்குள்ள உள்ள பிள்ளை அழுகுற சத்தம்.

ஆம்பளைப் பிள்ளை. உசிரோட. டார்க்கஸும் பிழைச்சுட்டா. கடவுள் புண்ணியம்னு நாங்கள்லாம் கேக் தின்னுட்டு வந்தோம்.

பிள்ளைக்கு இப்ப மூணு வயசாகுது. இன்னும் நடக்கலை. கால்ல ஒரு குறையும் இல்லைங்கிறார் வைத்தியர். தரையில விட்டா வீல்னு கத்தும், தோள்ல வச்சா கப்சிப். ஒரு நாள் ஜெத்ரோ மனசு கேக்காம அந்த மாளிகைக்கே தூக்கிட்டுப் போய் வாசப்படியில இறக்கி விட்டிருக்கான். பிள்ளை அந்தக் கதவை யாரோ வீட்டுக் கதவு மாதிரி பாத்துச்சாம். சிரிச்சுச்சாம். ஜெத்ரோ வீட்டுப் பக்கம் திரும்பி, 'தூக்கு'ன்னு ரெண்டு கையையும் நீட்டிருச்சாம்.

போன வாரம் இங்க வந்தான். இதோ, டோபி இருக்கிற பெஞ்சுலதான். பிள்ளை தோள் மேல, கால் அவன் நெஞ்சுல தொங்குது. ஒரு குவளை குடிச்சான், இன்னொண்ணு கேட்டான். பிள்ளைக்குப் பொறுக்கலை போல. காலைத் தூக்கி அப்பன் நெஞ்சுல குதியால தட்டுச்சு.

வெறுங்கால்டா. பட்டது கம்பளிச் சட்டை மேல. எனக்குக் கேட்டது...

டொக்... டொக்.

ஜெத்ரோ குவளையை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு நடந்தான்.