தண்ணீரைச் செருப்பு என்றவர்

ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். சேத்தூர்க்காரரான மூத்தவர் தன் கணவரைப் பற்றிச் சொன்னார்.

“எங்க வீட்ல அவிய இப்பல்லாம் தண்ணி வேணும்னா செருப்புங்காவ.”

இளையவர் திரும்பிப் பார்த்தார். “என்னக்கா சொல்லுதீக?”

“பக்கவாதம் வந்துச்சுல்ல. கை கால் சரியாயிருச்சு, வார்த்தைதான் மாறி மாறி வருது. அப்பாவுக்குப் புத்தி போச்சுன்னு மவன் முடிவே பண்ணிட்டான். தோட்டத்துப் பக்கமே விடுறதில்ல. அவியளும் பேசுறதையே கொறச்சுட்டாவ.”

“அண்ணனா அப்படி ஆயிட்டாவ?”

“கேளு. போன வாரம் தோட்டத்துல மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. மெக்கானிக் ரெண்டு நாளா பைப்பக் கழட்டிக் கழட்டிப் பாத்தான். நான்தான் அவியளக் கூட்டிட்டுப் போனேன். மோட்டார் ஓடுறதச் செத்த நேரம் பாத்துக்கிட்டே நின்னாவ. பொறவு மெக்கானிக் முன்னால விரல நீட்டி இந்தப் பக்கமாச் சுத்திக் காட்டுனாவ. வேண்டாம்னு தலையாட்டிட்டு, எதிர்ப்பக்கமாச் சுத்திக் காட்டுனாவ.”

“அவனுக்குப் புரிஞ்சுச்சா?”

“மோட்டார் தலைகீழாச் சுத்துதுன்னு அப்பத்தான் அவனுக்கு வெளங்குச்சு. ஒயர மாத்திப் போட்டான். தண்ணி கொட்டுச்சு.”

“மவன் என்ன சொன்னான்?”

“அவனும் அங்கதான் நின்னான். வாய்க்கால்ல குனிஞ்சு மூஞ்சியக் கழுவிக்கிட்டே இருந்தான். மறுநா விடியவும் மோட்டார் ரூம் சாவிய அவிய சட்டப்பையில போட்டு, ‘வாங்கப்பா, தோட்டத்துக்குப் போவோம்’னான்.”