பத்திலிருந்து பன்னிரண்டு வரை

நீங்கள் பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தது நல்லதாகப் போயிற்று. பத்திலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் தெருவில் கரண்ட் இருக்காது. ஃபேன் ஓடாத வீட்டில் ஒருவரை உட்கார வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காத காரியம். காபியை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். என் மனைவி நாகமணி போடும் காபியைக் குடித்தால் மதுரையில் இருக்கிற அத்தனை ஹோட்டல்காரர்களும் கடையைச் சாத்திவிட்டுக் காசிக்குப் போய்விடுவார்கள். நான் எதையும் நாலு மடங்கு கூட்டிச் சொல்பவன் என்று வாசலிலேயே உங்களிடம் சொல்லியிருப்பாள். இன்றைக்குக் கூட்ட மாட்டேன். உங்கள் நிறுவனம் சென்னையிலிருந்து ஓர் ஆளை இதற்காகவே அனுப்பியிருக்கும்போது, கூட்டுவதற்கு அவசியமும் இல்லை.

என்னைப் பற்றி உங்கள் கோப்பில் இருக்கும். ராஜாராம், முப்பத்திரண்டு வருஷம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். இரண்டாயிரத்து எட்டில், பொங்கல் கழிந்து, உங்கள் நிறுவனம் என்னிடம் ஒரு இணைய வகுப்பை வடிவமைத்துத் தரச் சொன்னது. கணினியில் கடிதம் எழுதுவது, படிவம் நிரப்புவது, அட்டவணை போடுவது. இருபத்து நாலு பாடம், எல்லாம் தமிழில். பாடத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து “எனக்கும் புரியல மாப்ள” என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால்தான் அது வகுப்பு. அதனால் மாணவர்கள் தங்களுக்குள் எழுதிப் பேசிக்கொள்ள ஒரு பக்கம் வைத்தேன். நம் வீடு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால்தானே, அந்தப் பக்கத்துக்கும் ‘தெப்பக்குளம்’ என்றே பெயர் கொடுத்தேன். குளத்தில் தண்ணீர் இல்லாத வருஷத்திலும் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து பேச ஜனம் வருகிறது இல்லையா, அந்த மாதிரி.

இன்னொரு விதியும் என் மூளையில் உதித்ததுதான். படித்து முடிப்பவருக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால், உடன் படிக்கும் மூன்று பேர் ‘இவரை எனக்குத் தெரியும், இவர் வேலையும் எனக்குத் தெரியும்’ என்று எழுதித் தர வேண்டும். உங்கள் அலுவலகத்தில் இதைப் பாராட்டி எனக்கு ஒரு கடிதம்கூட வந்தது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், அதோ, காலண்டருக்குப் பக்கத்தில்.

பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். சிம்மக்கல் பழக்கடைக்காரர் செல்வக்குமார், ஆனையூர் தமிழ்ச்செல்வி, ராணுவத்திலிருந்து திரும்பிய விருமாண்டி, இந்துப்ரியா, சாய்குமார் என்று கலவையான கூட்டம். மூன்றாம் பாடத்தோடு செல்வக்குமார் வருவதை நிறுத்திக்கொண்டார். அவருக்குச் சீசன் நேரம், கடையை விட்டு வர முடியாது, அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பேச்சுக் குறைந்த வகுப்புகளை மூடிவிடுவோம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். பக்கத்தைத் திறந்து பார்த்தால் அவர் இடம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. கடவுச்சொற்கள் எல்லாம் என்னிடம்தான் இருந்தன. அவர் பெயரில் உள்ளே போய் ஒரு வரி எழுதினேன். “வெயிலு மண்டையப் பொளக்குது, பாடமும் பொளக்குது” என்று. அன்றைக்கு ஏழு பேர் பதில் போட்டார்கள்.

அடுத்து தமிழ்ச்செல்வி நின்றார். பிறகு விருமாண்டி. யார் நின்றாலும் அந்த இடத்தை நான் காலியாக விட்டதில்லை. நிஜச் செல்வக்குமார் ஒரு வரி எழுத ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். என் செல்வக்குமார் அப்படியா? காலையில் எழுந்ததும் வணக்கம் சொல்வார், வீட்டுப்பாடத்தில் தப்பு செய்வார், தமிழ்ச்செல்வி கிண்டல் செய்தால் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேச மாட்டார். சித்திரைத் திருவிழாக் கூட்டமெல்லாம் எங்கள் தெப்பக்குளத்திடம் பிச்சை வாங்க வேண்டும். ஒருநாள் நான் தனியே உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டு நாகமணி கேட்டாள், யாரோடு இப்படிச் சிரிக்கிறீர்கள் என்று. விருமாண்டி ஒரு ஜோக் சொன்னார் என்றேன். அது உண்மையிலேயே நல்ல ஜோக்.

ஆவணி பிறந்தபோது வகுப்பில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். அதில் பதினெட்டுப் பேர் நான்.

பத்தொன்பதாவது ஆள் ஒச்சாயி. செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. கணவன் சுருளி மினி லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு நாள் பஸ் ஏறிச் செக்கானூரணி பிரவுசிங் சென்டருக்கு வந்து உட்காருவாள். இப்படி ஒரு மாணவி முப்பத்திரண்டு வருஷத்தில் எனக்கு வாய்த்ததில்லை. ஒரு பாடத்தை விடமாட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் எழுதிய அன்று பதினெட்டுப் பேரும் விசாரித்தார்கள். “எனக்குக் கூடப்பெறந்தவுக யாருமில்ல, நீங்கதான் இருக்கீக” என்று எழுதினாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அம்புட்டுச் சந்தோஷம்.

தமிழ்ச்செல்வியிடம் மட்டும் தனியாக எழுதுவாள். “அக்கா, இவுகளுக்கு நான் சென்டருக்குப் போறது புடிக்கல. யாரப் பாக்கப் போறேங்குறாக. வேலைன்னு ஒண்ணு கெடச்சிட்டா வாய மூடிருவாக. அது வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்.” தமிழ்ச்செல்வி அவளுக்குத் தைரியம் சொன்னாள். நன்றாகவே சொன்னாள்.

வேலை என்று அவள் சொன்னது, அவள் கிராமத்தில் திறக்கவிருந்த இணைய மையத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பெண்கள் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்று ஆள் எடுத்தது. நம் சான்றிதழ் இருந்தால் போதும் என்றார்கள். ஐப்பசி முதல் வாரத்தில் அவள் கடைசிப் பாடத்தை முடித்தாள். மூன்று பேர் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அரை மணி நேர வேலை. எழுதக்கூட ஆரம்பித்துவிட்டேன். ஆனால் கூட்டமைப்பில் ஒரு அம்மாள், எழுத்தெல்லாம் வேண்டாம், அந்த மூன்று பேரையும் வெள்ளிக்கிழமை நேரில் கூட்டி வா, என் முன்னால் கையெழுத்துப் போடட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஒச்சாயி தெப்பக்குளத்தில் எழுதினாள். “அண்ணே, அக்கா, எல்லாரும் மதுரதான. யாராச்சும் மூணு பேரு ஒரு மணி நேரம் வந்தாப் போதும். பஸ் காசு நான் குடுத்துர்றேன்.”

செல்வக்குமாருக்குக் கடையில் சரக்கு இறங்கியது. தமிழ்ச்செல்வியின் நாத்தனாருக்கு வளைகாப்பு. விருமாண்டி மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். இந்துப்ரியாவுக்கு அம்மை. ஒரே வெள்ளிக்கிழமையில் பதினெட்டுப் பேருக்கு இடைஞ்சல் உண்டாக்குவது சாதாரணக் கற்பனை வேலை இல்லை என்பதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். பதிமூன்றாவது ஆளுக்கு வரும்போது எனக்கே மூச்சு வாங்கியது.

இரண்டு நாள் அவள் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள் ஒரு அட்டவணையை ஏற்றினாள். இப்போது உங்கள் கையில் இருக்கிறதே, அந்தத் தாள்தான். புரட்டாசியிலிருந்து யார் யார் எந்த நேரத்தில் எழுதினார்கள் என்று வரிசை போட்டிருந்தாள். கீழே நாலே வரி. “எங்க ஊர்ல பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் கரண்ட் இல்ல. சிம்மக்கல்லுல வேற நேரம், ஆனையூர்ல வேற நேரம். விசாரிச்சுட்டேன். ஆனா உங்க பதினெட்டுப் பேருல ஒருத்தரு கூடப் பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஒரு நாளும் எழுதுனதில்ல. உங்க எல்லாருக்கும் ஒரே வீட்லயா கரண்ட் போகுது?”

எனக்குப் பெருமையாக இருந்தது. எட்டாம் பாடம், தகவலை வரிசைப்படுத்திப் பார்த்தல். நான் எழுதிய பாடம். அதை இவ்வளவு சுத்தமாகப் பயன்படுத்திய ஒருவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பத்துக்குப் பத்து போட்டேன். தாளின் மேல்மூலையில் பாருங்கள், மதிப்பெண் இருக்கும்.

வகுப்பு நிலைக்க வேண்டும் என்றால் ஏதாவது செய்தாக வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. அதற்குள் அவள் சிம்மக்கல் போய்விட்டாள். அதில் தவறு என்னுடையது. செல்வக்குமார் முதல் பாடத்தில் தன் கடை எந்தச் சந்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தார், அதை நான் அழிக்காமல் விட்டிருந்தேன். மறுநாள் ஒச்சாயி எழுதினாள். “செல்வக்குமாரு அண்ணனப் பாத்தேன். சாத்துக்குடி அடுக்கிக்கிட்டு இருந்தாரு. மூணாம் பாடத்தோட விட்டுட்டேன் தாயி, நீ யாருங்குறாரு. அப்ப நேத்து எனக்கு நல்லாருக்கியா தங்கச்சின்னு எழுதுனது யாரு?”

இதையே உங்கள் அலுவலகத்துக்கும் புகாராக அனுப்பினாள். அதனால் தெப்பக்குளத்தில் முதலில் விருமாண்டி வாயைத் திறந்தார். “ஒச்சாயிங்குற பேரே எனக்கு ஆரம்பத்துல இருந்து ஒரு மாதிரிதான் இருந்துச்சு. கம்ப்யூட்டர் படிக்கிற பொம்பளைக்கு இந்தக் காலத்துல யாரு இந்தப் பேரு வைக்கிறா” என்றார். சாய்குமார், எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது என்றார். தமிழ்ச்செல்வி, அந்தப் பெயரில் எழுதுவது ஓர் ஆண் என்று தனக்குப் படுவதாகவும், தன்னிடம் தனியாக என்னென்னவோ எழுதியதாகவும் சொன்னாள். இந்துப்ரியா அம்மையோடு எழுந்து வந்து வாக்கெடுப்பு வைக்கச் சொன்னாள். ஒச்சாயி என்பது பொய் ஆள் என்று பதினெட்டு வாக்கு விழுந்தது. எதிர் வாக்கு ஒன்று.

நீங்கள் என்னிடம் அறிக்கை கேட்டீர்கள். அந்தப் பெயரில் உண்மையான மாணவி யாரும் இல்லை, யாரோ விளையாடுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டில் பெயரும் மின்னஞ்சலும்தானே இருக்கிறது, முகமா இருக்கிறது. உங்கள் அலுவலகம் ஒரே நாளில் அவள் பதிவை நீக்கியது. இதை நான் குத்திக் காட்டுவதாக நினைக்க வேண்டாம். பதினெட்டுப் பேர் ஒரு பக்கமும் ஓர் ஆள் ஒரு பக்கமும் நின்றால் யாரும் அதைத்தான் செய்வார்கள். அறிக்கையின் நகல் ஒன்றைக் கூட்டமைப்பு அம்மாளுக்கும் அனுப்பினேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாக அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள் காலை, கரண்ட் இல்லாத நேரம், தொலைபேசி அடித்தது.

“சார், நான் ஒச்சாயி வீட்டுக்காரன் சுருளி பேசுறேன். வேல இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்பிடி ஒரு ஆளே படிக்கலன்னு லெட்டரு வந்துருக்காம்.”

“ஆமா தம்பி.”

“சண்டை போட வரல சார். ஒரே ஒரு வார்த்த கேக்கணும். எட்டு மாசமா பஸ் ஏறிப் போனா. அண்ணே அண்ணேன்னு ஆம்பளப் பேரா சொல்லுவா. இப்ப அதுல ஒருத்தரும் நெசம் இல்ல, எல்லாம் அந்த வாத்தியாரே எழுதுனதுன்னு பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுறா. நெசமா சார்?”

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. “சாரு சொல்லுவாரு, கேளுங்க. சாருக்குத் தெரியும்.”

அந்த வீட்டில் என் பதில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தமிழ்ச்செல்வியிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாளே. ஃபேன் நின்றிருந்ததால் வீடு அமைதியாக இருந்தது. நான் அவசரப்படவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

“எங்க வகுப்புல எல்லாரும் நெசமான ஆளுகதான் தம்பி. ஒங்க சம்சாரம்தான் எங்ககிட்டப் படிக்கல.”

“அப்ப எட்டு மாசமா அவ யாரோட பேசிக்கிட்டு இருந்தா சார்?”

“அது எனக்கு எப்படிப்பா தெரியும்?” என்றேன். அவன் நன்றி சொல்லிப் போனை வைத்தான். மரியாதையான பையன்.

அவள் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறாள், குழந்தை சுருளியிடம் இருக்கிறது, பார்க்க விடுவதில்லை என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. பழக்கடைச் செல்வக்குமார் அவள் கொடுத்த இந்தத் தாளை எடுத்துக்கொண்டு சென்னைவரை வந்தார் என்பதும் அப்படித்தான். மூன்றாம் பாடத்தைத் தாண்டாத மனிதருக்கு இவ்வளவு அக்கறை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் எழுதிய செல்வக்குமார் இதைச் செய்திருக்க மாட்டார்.

ஆக, எல்லாம் நான் செய்ததுதான். பதினெட்டுப் பெயரும், வாக்கெடுப்பும், அறிக்கையும், தொலைபேசியில் சொன்னதும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒரு வகுப்பைக் கலையாமல் காப்பாற்றினேன் என்பதையும் அதே தாளில் ஓர் ஓரமாகக் குறித்துக்கொண்டால் நியாயமாக இருக்கும். இன்றைக்கும் தெப்பக்குளத்தில் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். ஆமாம், பத்தொன்பதுதான். தை மாதம் ஒச்சாயி திரும்பி வந்தாள். அந்த இடத்தை மட்டும் எப்படிக் காலியாக விடுவது? இப்போது முன்னைவிடக் கலகலப்பாகப் பேசுகிறாள். கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

நீங்கள் வரப்போவதாகக் கடிதம் வந்ததும் நேற்று எல்லோரிடமும் மனம் விட்டுக் கேட்டேன், நான் செய்தது தப்பா என்று. முதலில் ஒச்சாயிதான் பதில் போட்டாள். “நீங்க எங்க நல்லதுக்குத்தான சார் செஞ்சீக” என்றாள். செல்வக்குமாரும் தமிழ்ச்செல்வியும் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். விருமாண்டி மட்டும் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அந்த ஆள்மேல் எனக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு சந்தேகம் இருக்கிறது.